ஆள் வந்தால் திறக்கும் அறை

நாடாளுமன்றச் செயலகத்தின் பயிற்சிப் பிரிவிலிருந்து சென்ற மாதம் ஒரு பெண் அதிகாரி தொலைபேசியில் பேசினார். சென்னைக்காரர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு மலர் தயாரிக்கிறார்களாம், ஓய்வுபெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம். "சார், நீங்க கமிட்டி வேலையப் பத்தி எழுதுங்க. புதுசா வர்ற பசங்க எல்லாரும் சபைக்குள்ளதான் போஸ்டிங் கேக்கறாங்க. கமிட்டின்னா ஃபைல் தூக்கற வேலைன்னு நெனைக்கறாங்க" என்றார்.

ஃபைல் தூக்குகிற வேலைதான். அதில் எனக்கு வெட்கமொன்றும் இல்லை. அந்த வேலைதான் எனக்குச் சோறு போட்டது, தேசத்தின் மூலைமுடுக்கெல்லாம் கூட்டிப்போய்க் காட்டியது. ஆனால் அந்த ஃபைலுக்குள் என்ன இருந்தது என்று ஊருக்குத் திரும்பி வந்த இத்தனை நாளில் யாரும் கேட்டதில்லை. இப்போது ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதுகிறேன்.

சோமனூரில் விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவன் நான். தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியதால் எங்கள் வீட்டில் எல்லோருக்குமே உரத்த குரல். கோவையில் ஆங்கிலம் படித்து, தேர்வெழுதி, ஸ்வெட்டர்கூட இல்லாமல் டில்லிக் குளிரில் போய் இறங்கினேன். சேர்ந்த வாரத்திலேயே பிரிவு அலுவலர் என்னைத் தனியே அழைத்தார். "இந்தக் கட்டடத்தில் உரக்கப் பேசுவது உறுப்பினர்களின் வேலை. நம்முடைய வேலை அவர்கள் காதருகில் பேசுவது" என்றார். பயிற்சி என்று எனக்குக் கிடைத்தவற்றில் இன்றும் மறக்காதது அது ஒன்றுதான்.

முதலில் என்னைப் போட்டது உறுதிமொழிக் குழுவில். சபையில் அமைச்சர்கள் பதில் சொல்லும்போது 'பரிசீலிக்கப்படும்' என்பார்கள், 'ஆவன செய்யப்படும்' என்பார்கள், 'தகவல் திரட்டப்படுகிறது' என்பார்கள். கேட்டவர்கள் மறந்துவிடுவார்கள். சொன்னவர்கள் அதற்கு முன்பே மறந்திருப்பார்கள். அந்தக் குழு மறக்காது. சபை நடவடிக்கையை வரிவரியாகப் படித்து, எந்த வாக்கியம் வாக்குறுதி, எது வெறும் மரியாதைப் பேச்சு என்று பிரிப்பது எங்கள் வேலை. வாக்குறுதி என்று குழு முடிவு செய்துவிட்டால், நிறைவேற்றியாயிற்றா என்று துறையை விடாமல் கேட்டுக்கொண்டே இருப்போம். துறை அவகாசம் கேட்கும். குழு கொடுக்கும். மறுபடியும் கேட்போம்.

அப்படி நான் பிடித்துவைத்த ஒரு வாக்கியம், வடக்கே ஒரு சிற்றூரில் ரயில்வே கேட்டுக்குப் பதிலாகச் சுரங்கப்பாதை அமைப்பது பற்றியது. பாதை கட்டி முடிந்தது என்ற அறிக்கை வந்தபோது, கேள்வி கேட்ட உறுப்பினர் தேர்தலில் தோற்று ஊரில் இருந்தார். மரியாதைக்காக அவருக்கும் ஒரு நகல் அனுப்பிவைத்தேன். அடுத்தமுறை டில்லி வந்தவர், எங்கள் பிரிவைத் தேடிக்கொண்டு வந்து ஒவ்வொருவரோடும் கைகுலுக்கினார். "நானே மறந்துவிட்டேன் ஐயா, நீங்கள் மறக்கவில்லை" என்றார். சபைக்குள் வேலை கேட்கும் எண்ணம் எனக்கு அன்றோடு போயிற்று.

பிறகு பல குழுக்கள். கடைசியில் பல ஆண்டுகள் நான் இருந்தது ஒரு துறைசார் நிலைக்குழுவில். சபையில் ஒரு மசோதாவுக்குச் சில மணி நேரம்தான் கிடைக்கும். ஒரு துறையின் ஓராண்டுச் செலவுத் திட்டம் முழுவதும் விவாதமே இல்லாமல் நிறைவேறிவிடுவதும் உண்டு. அதையெல்லாம் உட்கார்ந்து படிக்கும் இடம் குழு அறைதான். இரு அவைகளின் உறுப்பினர்களும் அதில் இருப்பார்கள், எல்லாக் கட்சிக்காரர்களும் இருப்பார்கள், அமைச்சர்கள் மட்டும் உறுப்பினராக முடியாது. கேமரா கிடையாது. பார்ப்பதற்கு ஆள் இல்லாததால் சண்டை போடும் ஆசையும் குறைந்துவிடும். சபையில் ஒருவரையொருவர் பார்த்துக் கத்தியவர்கள் மாலையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, "நீங்கள் கேட்டதையே நானும் கேட்கிறேன்" என்று துறைச் செயலரை மடக்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

என் காலத்தில் எத்தனையோ குழுத் தலைவர்கள். நான் நன்றியோடு நினைப்பது ஒருவரை. கிழக்கு மாநிலம் ஒன்றிலிருந்து வந்த அம்மையார், வக்கீலாக இருந்தவர். உறுப்பினர்கள் அவரை மேடம் என்பார்கள், நாங்களும் அப்படியே. கூட்டத்துக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை சேரவில்லையென்றால் எங்களைத் திட்ட மாட்டார். தானே ஒவ்வொரு உறுப்பினருக்கும் போன் செய்து, "உங்கள் நாற்காலி உங்களைக் கேட்கிறது" என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பெரிய பெரிய அதிகாரிகள் சுற்றிவளைத்துப் பேசும்போது முழுவதும் பேசவிட்டுவிட்டு, பேனாவை மேசையில் வைத்துச் சொல்வார்: "உங்கள் பதிலுக்கு நன்றி. இப்போது என் கேள்விக்கு வருவோமா?"

சாட்சியாக வந்தவர்களுக்குத் தேநீர் வந்த பிறகுதான் தனக்கு எடுத்துக்கொள்வார். வந்தவர் அரசுச் செயலரானாலும் சரி, கூலித் தொழிலாளியானாலும் சரி.

அவர் தலைமையில் எங்கள் குழு எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று, வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளுக்கான காப்பகங்கள். ஒரு அளவுக்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இருக்கிறதா என்று பார்ப்பது குழுவின் வேலை. துறையிடமிருந்து எழுத்துமூலம் பதில்கள் வந்தன. பதில்களின்படி எல்லா இடத்திலும் எல்லாம் இருந்தது. மேடம் படித்துவிட்டு, "நேரில் போய்ப் பார்ப்போம்" என்றார். ஆய்வுப் பயணத்துக்குத் தேர்ந்தெடுத்த ஊர்களில் திருப்பூரும் ஒன்று.

திருப்பூரில் பார்க்க வேண்டிய கம்பெனிகளின் பெயர்களை உள்ளூர் அதிகாரிகள் அனுப்பிவைத்தார்கள். அதில் ஒரு பெயரை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். என் அக்காவைக் கட்டிய மச்சான் சென்னியப்பனின் பனியன் கம்பெனி. ஒற்றை மெஷினோடு வாடகைக் கொட்டகையில் ஆரம்பித்து, பையர் என்று இங்கே சொல்லும் வெளிநாட்டுக் கொள்முதல்காரர்களுக்குச் சரக்கு அனுப்பும் அளவுக்கு வளர்ந்தவர். பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டையில் அவர் பெயர் சொன்னால் கடனுக்குத் துணி கொடுப்பார்கள். அந்தப் பெயரை அவர் எவ்வளவு பாடுபட்டுச் சம்பாதித்தார் என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியும்.

அன்றே மேடத்திடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"மறைக்காமல் சொன்னீர்களே, அது போதும்" என்றார். "அந்த இடத்தில் மட்டும் நீங்கள் பின்னால் நில்லுங்கள். மொழிபெயர்ப்புக்கு உள்ளூரில் ஆள் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்."

அப்படித்தான் செய்தோம். மச்சான் குழுவை மாலையோடு வரவேற்றார். கட்டிங், தையல், செக்கிங் என்று எல்லாம் காட்டிவிட்டுக் கடைசியில் காப்பக அறைக்கு அழைத்துப் போனார். சுவரில் ஒட்டகச்சிவிங்கியும் முயலும் வரைந்திருந்தது. இரண்டு தொட்டில்கள். பொம்மைகளின் மேல் பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. குழந்தை ஒன்றுகூட இல்லை.

மேடம் வெளியே வந்தார். செக்கிங் மேசையருகே நின்று, "உங்களில் யாருக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது?" என்று கேட்டார். ஒரு பெண் கையைத் தூக்கினாள். மரிய செல்வி என்று பெயர். சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். குழந்தை இங்கே வருகிறதா என்று மேடம் கேட்டார். அவள் நிறையப் பேசினாள். கூட வந்த மொழிபெயர்ப்பாளர், "வசதிகள் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்" என்று முடித்துக்கொண்டார்.

மேடம் திரும்பி, கூட்டத்தின் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். "அந்தப் பெண் ரொம்ப நேரம் பேசினாள். இவர் ஒரே வரியில் சொல்கிறார். நீங்கள் சொல்லுங்கள்."

மச்சான் எனக்கு இரண்டடி தள்ளி நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. மரிய செல்வி சொன்னது இதுதான்: "இல்லீங்கம்மா. பிள்ளைய லைன் வீட்டுல பக்கத்து வீட்டு அக்காகிட்ட விட்டுட்டு வாரேன். இந்த ரூமு ஆளு வந்தாத்தான் தொறப்பாக. மத்த நாள்ல பெட்டி அடுக்கி வச்சிருப்பாக."

ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மேடம் தலையசைத்து, அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு நடந்தார். மச்சான் வாசல்வரை வந்து வழியனுப்பினார். என்னிடம் மட்டும் எதுவும் பேசவில்லை.

டில்லி திரும்பிச் சில நாளில் அக்கா கூப்பிட்டாள்.

"சாப்பிட்டியா கண்ணு?" என்று ஆரம்பித்து, மழை, மாடு, மாமியார் முட்டிவலி எல்லாம் பேசி முடித்துவிட்டு, "அன்னைக்கு உங்க மேடத்துகிட்டப் பேசுனாளல்ல ஒரு புள்ள, அவளை நிறுத்திப் போட்டாங்க" என்றாள்.

"யாருக்கா நிறுத்துனது?"

"வேற யாரு? உங்க மச்சாந்தான். ஆர்டர் கம்மி, வேணும்னாக் கூப்புட்டு உடறோம்னு சொல்லிப் போட்டாங்க. ஆர்டர் ஒண்ணும் கம்மியில்ல. நானுந்தான அந்தக் கம்பெனில ஒக்காந்திருக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நீதான் பார்லிமெண்ட்ல இருக்கற. நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லிப் போடாத." வைக்கப் போனவள், "சொன்னாலும் செரி, போ" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை மேடத்தின் அறையில் நின்றேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். "விதியைப் படியுங்கள்" என்றார்.

படித்தேன். நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் அளித்ததற்காக ஒருவரைத் துன்புறுத்தினால் அது அவையின் உரிமையை மீறிய குற்றம். துன்புறுத்தியவர் யாராயிருந்தாலும் அவை அழைத்து விசாரிக்கலாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருந்தது. ஆய்வுப் பயணத்தில் நடப்பது கூட்டம் ஆகாது, வெறும் கலந்துரையாடல். சுருக்கெழுத்தாளர் இல்லை, நடவடிக்கைப் பதிவு இல்லை. செக்கிங் மேசையருகே ஒரு பெண் சொன்ன சொல் சாட்சியம் ஆகாது. சாட்சியம் இல்லையென்றால் பாதுகாப்பும் இல்லை. இதை மேடத்திடம் விளக்கிச் சொன்னபோது எனக்கே கசந்தது.

"ஆக, அவள் சாட்சி இல்லை" என்றார்.

"இல்லை மேடம்."

"அப்படியானால் அவளைச் சாட்சியாக்குவோம். டில்லிக்கு அழையுங்கள்."

நான் குறித்துக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை. "உங்கள் உறவினரையும் அழையுங்கள். ஒருபக்கம் மட்டும் கேட்டு எழுதினால் அது அறிக்கை இல்லை, வசவு. இரண்டு பேரிடமும் இதைப் பற்றி நீங்கள் பேசக் கூடாது. அந்த அறையில் மொழிபெயர்க்கவும் கூடாது, வேறு ஆளைப் போடுங்கள்." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "உங்கள் அக்காவுக்குத் தொல்லை வருமா?" என்று கேட்டார்.

"வரலாம் மேடம். ஆனால் அவள் சமாளிப்பாள்."

யாரை அழைப்பது என்று முடிவு செய்வது தலைவர் மட்டுமல்ல, குழு. அடுத்த கூட்டத்தில் மேடம் இதை வைத்தபோது, ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் எதிர்த்தார். விவசாயி, மீசை நரைத்தவர். "ஒரு தையல்கூடத்துப் பெண்ணின் வேலைக்கு நாடாளுமன்றக் குழு கூட வேண்டுமா? இதற்கென்று கீழே அதிகாரிகள் இல்லையா?" என்றார். கேள்வி நியாயமானதுதான்.

"அவள் நம்மிடம் வந்து பேசவில்லை. நாம்தான் அவளிடம் போய்க் கேட்டோம். கேட்டதனால் அவள் வேலை போயிற்று. அடுத்த ஊரில் நாம் கேட்டால் யார் வாயைத் திறப்பார்கள்?" என்றார் மேடம். அந்த உறுப்பினர் யோசித்துவிட்டு, "சரி, வரட்டும்" என்றார்.

அழைப்பு போய்ச் சேர்ந்த அன்று மச்சானிடமிருந்து போன்.

"ஏனுங்க மாப்ள, நான் கொலையா பண்ணிப் போட்டேன்? டில்லிக்கு வான்னு சீல் வெச்சு அனுப்பியிருக்கறீங்க?"

"மச்சான், அதைப் பத்தி உங்ககிட்ட நான் ஒண்ணும் பேசக்கூடாதுங்க."

"பேசக்கூடாதுங்களா? செரிங்க. அப்ப இனிமேப் பேசாதீங்க."

வைத்துவிட்டார். அக்காவைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எனக்கு மூத்த அண்ணனைப்போல இருந்த மனிதர். என் கல்லூரிக் காலத்தில் வாரம் ஒருமுறை விடுதிக்கு வந்து, பேசாமல் ஒரு தூக்குவாளிச் சோற்றை வைத்துவிட்டுப் போனவர். அன்று அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை.

சாட்சியத்துக்கு வருகிறவர்கள் காத்திருக்க, குழு அறைக்கு வெளியே ஓர் அறை உண்டு. அன்று நான் போய்ப் பார்த்தபோது மச்சான் வெள்ளை வேட்டி சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரோரம் மரிய செல்வி. இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, ஜெனி. விட்டுவர இடமில்லை என்று கூடவே தூக்கி வந்துவிட்டாள். நுழைவுச்சீட்டுக்கு நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன். ஆனால் குழு அறைக்குள் சாட்சியைத் தவிர யாரும் வர முடியாது.

பெயர் சொல்லி அழைத்ததும் அவள் எழுந்தாள். எங்கள் பெண் உதவியாளர் ஒருவர் குழந்தையை வாங்கக் கை நீட்டி, இந்தியில் கொஞ்சினார். ஜெனி வீல் என்று அலறினாள். தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. வேறொருவர் வந்தார், சத்தம் இன்னும் கூடியது. எங்களில் தமிழ் தெரிந்தவர்கள் நானும் மொழிபெயர்ப்பாளரும்தான். இரண்டு பேரும் உள்ளே இருந்தாக வேண்டும். கூட்டம் காத்திருந்தது.

மச்சான் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வந்தார்.

"இங்க குடு புள்ள" என்றார்.

மரிய செல்வி குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"குடுன்னா. அங்க பெரிய மனுசங்க காத்துக்கிட்டு இருக்கறாங்கல்ல?" பிறகு குழந்தையிடம் திரும்பி, "வா கண்ணு. அம்மா இப்ப வந்துரும். அங்க பாரு, காக்கா பாரு, சன்னல்ல" என்றார். தெரிந்த பேச்சு காதில் விழுந்ததும் ஜெனி அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். அவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சன்னலுக்கு நடந்தார். அங்கே காக்காய் எதுவும் இல்லை.

உள்ளே மேடம் வழக்கமாகச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அதை அவர் ஒருநாளும் முணுமுணுவென்று ஒப்பித்ததில்லை. ஒவ்வொரு சாட்சிக்கும் புதிதாகச் சொல்வதுபோல் நிதானமாகச் சொல்வார்: நீங்கள் சொல்வது பிறகு வெளியிடப்படலாம். இரகசியமாக வைக்க வேண்டும் என்றால் கேட்கலாம். கேட்டாலும் உறுப்பினர்கள் அதைப் பார்க்க முடியும்.

மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னதும் மரிய செல்வி கேட்டாள்: "அப்ப எம் பேரு வெளிய வருமாம்மா?"

"வரலாம். வேண்டாமென்றால் சொல்லுங்கள்."

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு யோசித்தாள். "வரட்டும்மா. ஒளிச்சு வைக்க நான் என்ன களவா செஞ்சேன்?"

அவள் பேச்சு கோர்வையாக வரவில்லை. பாதியில் நின்றது, திரும்பவும் தொடங்கியது. மேடம் அவசரப்படுத்தவில்லை. பக்கத்து வீட்டு அக்காவும் வீட்டிலேயே பனியனில் பிசிறு வெட்டுகிற வேலை செய்கிறவள், எந்நேரமும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒருநாள் குழந்தை சாக்கடை வாய்க்கால் ஓரம்வரை போய்விட்டது. யாரோ டீக்கடைக்காரர் தூக்கி வந்து கொடுத்திருக்கிறார். "அன்னையிலருந்து மெசின் சத்தத்துலயும் எனக்குப் பிள்ள அழுகுற சத்தந்தாம்மா கேக்கும்" என்றாள்.

நரைத்த மீசை உறுப்பினர் முன்னால் சாய்ந்தார். "இப்போது உன் குழந்தை எங்கே அம்மா?"

"வெளிய மொதலாளி வச்சிருக்காக."

மொழிபெயர்ப்பாளர் தயங்கி அவள் முகத்தைப் பார்த்தார். மேடம், "அவள் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்" என்றார். சொன்னார். அறையில் ஒருவர் சிரித்தார், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். சுருக்கெழுத்தாளர் அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்து மச்சான். அவர் உள்ளே வந்தபோது சட்டைத் தோள் நனைந்திருந்தது. மேடம் முதலில் அவரைத் தேநீர் குடிக்கச் சொன்னார். பிறகு, இந்தக் குழுவின் முன் பேசியதற்காக ஒருவருக்குத் தீங்கு வந்தால் அவை அதைத் தனக்கே வந்த தீங்காக எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினார். "உங்களை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இது உங்களுக்கும் பொருந்தும். நீங்கள் இங்கே பேசுவதற்காக உங்கள் மேலும் யாரும் கை வைக்க முடியாது."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் மச்சானின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். அவரும் பயத்தோடுதான் வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பொய் சொல்லலீங்கம்மா" என்றார். "ரூமு இருக்குது, ஆயா இல்லீங்க. பையர் வந்தாத் தொறக்கறோம், போனாப் பெட்டி அடுக்கறோம். எங்க சந்துல வரிசையா கம்பெனிதானுங்க. ஒவ்வொருத்தருகிட்டயும் நாலு கொழந்தை, அஞ்சு கொழந்தை. தனித்தனியா ஆயா போட்டு நடத்தறது எங்களாட்டச் சின்னாளுங்களுக்கு முடியாதுங்க. ஆனா தனித்தனியா ரூமு காட்டோணும். காட்டறோம்."

"சேர்ந்து ஒன்றாக நடத்தலாமே?"

"நடத்தலாமுங்க. வர்ற ஆபீசரு உன்ற ரூமு எங்கேன்னுதானுங்க கேக்கறாரு. கொழந்தைக எங்கேன்னு ஒருத்தரும் கேக்கலீங்களே."

மேடம் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். "அந்தப் பெண்ணை ஏன் நிறுத்தினீர்கள்?"

மச்சான் மேசையைப் பார்த்தார். "பயந்துட்டனுங்க. பையர் காதுக்குப் போச்சுன்னா ஆர்டர் போயிரும், அவளுக்கு மட்டுமில்ல, அல்லாருக்கும் வேலை போயிரும்னு நெனச்சனுங்க." பிறகு தானாகவே சொன்னார்: "இப்ப வெளிய அந்தக் கொழந்தை தோள்லயே தூங்கிருச்சுங்க. எறக்குனா முழிச்சுக்குமேன்னு நின்னுக்கிட்டே இருந்தனுங்க. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலீங்க."

அறிக்கையின் வரைவை எழுதும் வேலை எங்களுடையது. வரைவு குழுவின் முன் போகும், பத்தி பத்தியாகப் படித்து ஏற்றுக்கொள்வார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தனி அறை காட்ட வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, சிறு நிறுவனங்கள் சேர்ந்து ஒரே இடத்தில் நடத்தும் காப்பகத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும், ஆய்வுக்குப் போகிறவர் அறையை அல்ல, அங்கே வரும் குழந்தைகளைப் பார்க்க வேண்டும் என்றும் பரிந்துரை. அந்தப் பத்திக்கு, 'இது போதாது' என்று சொல்லி இன்னும் இரண்டு கடுமையான வரிகளைச் சேர்த்தவர் நரைத்த மீசை உறுப்பினர்தான். எந்தக் கட்சிக்காரரும் மாற்றுக் கருத்து எழுதவில்லை.

குழு கட்டளையிட முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. துறையிலிருந்து வந்த முதல் பதில், 'பரிந்துரை கவனத்தில் கொள்ளப்பட்டது' என்றது. கவனத்தில் கொண்டு என்ன செய்தீர்கள் என்று குழு அடுத்த அறிக்கையில் திரும்பவும் கேட்டது. அதற்கு வந்த பதிலும் மேடத்துக்குப் போதவில்லை. செயலரை அழைத்து, "நன்றி, இப்போது என் கேள்விக்கு வருவோமா?" என்றார். கடைசியில் சேர்ந்து நடத்தலாம் என்று தெளிவான சுற்றறிக்கை போயிற்று.

மரிய செல்வியை வேலைக்கு வரச்சொல்லி மச்சான் அன்று டில்லியிலேயே கேட்டார். அவள் போகவில்லை. அதற்குள் அதே சந்தில் வேறொரு கம்பெனியில் சேர்ந்திருந்தாள். "அங்கயே இருந்துக்கிறேன் மொதலாளி" என்றாளாம். அவரும் வற்புறுத்தவில்லை, அவளுக்கு இடைஞ்சலும் செய்யவில்லை.

என்னோடு மச்சான் பேசாமல்தான் இருந்தார். ஊருக்குப் போனால் நான் கூடத்தில் இருக்கும்போது அவர் தோட்டத்துக்குப் போய்விடுவார். அக்கா நடுவில் நின்று, "ரெண்டு பேரும் நெம்பத்தான் பண்றீங்க" என்று பொதுவாகத் திட்டுவாள். ஒரு மதியம் டில்லியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வணக்கமில்லை, நலம் விசாரிப்பு இல்லை.

"மாப்ள, ஆயாவுக்கு நல்ல ஆளாக் கெடைச்சிருச்சுங்க. சந்துக்காரங்க அல்லாரும் சேந்து, வர்ற வாரம் தொறக்கறமுங்க."

எனக்கு வாய் நிறையச் சோறு. "என்னங்க, இப்பவும் பேசக்கூடாதுங்களா?" என்று கேட்டார். நான் சிரிக்க ஆரம்பித்ததும் அவரும் சிரித்தார்.

மேடம் அடுத்த தேர்தலில் தோற்றார். எங்கள் பிரிவில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஓய்வுபெற்று அக்கா இருக்கும் திருப்பூருக்கே வந்துவிட்டேன். சில வாரங்களுக்கு முன் அவரிடமிருந்து போன் வந்தது. வயதாகிவிட்டது குரலில் தெரிந்தது, நிதானம் மட்டும் அப்படியே இருந்தது. உடல்நலம் விசாரித்துவிட்டுக் கேட்டார்: "அந்தச் சந்தில் குழந்தைகள் காப்பகம் திறந்தார்களே, இன்னும் நடக்கிறதா? யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் போய்ப் பார்த்துச் சொல்கிறீர்களா?"

மறுநாளே போனேன். மச்சானிடம்கூடச் சொல்லவில்லை. இரும்புக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரே கூச்சல், யாரோ அழ, யாரோ பாட, தட்டு ஒன்று உருண்டு விழுந்தது. கதவைத் தட்டினேன். நடுவயதுப் பெண் ஒருத்தி ஈரக் கையோடு வந்து, கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"யாருங்க?"

பெயரைச் சொன்னேன். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றேன்.

"உள்ள எந்தக் கொழந்தைங்க உங்களுது?"

"எதுவும் இல்லீங்க. நான் முன்னால டில்லியில, பார்லிமெண்ட்ல..."

"எங்க இருந்தாலும் செரிங்க. கொழந்தைகளோட அப்பா அம்மாவத் தவிர யாரையும் உள்ள உடமாட்டமுங்க. தூங்க வெக்கற நேரம், சத்தம் போடாமப் போங்க சாமி" என்று கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

வீட்டுக்கு வந்து மேடத்தைக் கூப்பிட்டேன். "என்னை உள்ளே விடவில்லை மேடம்" என்றேன்.

மறுமுனையில் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்லது. அப்படியென்றால் நடக்கிறது" என்றார்.